பட்டி புறப்படும் முன்: மட்டக்களப்பு, அம்பாறை மாடுகளுக்கு அடையாளமும் பயண அனுமதியும்

பெரும்போகத்துக்கான (மாரி மழையோடு செய்யும் நெற்செய்கைக்கான) ஆரம்பக் கூட்டத்தில் குளத்துத் தண்ணீர் திறக்கும் நாளும் விதைப்பு முடிய வேண்டிய நாளும் குறிக்கப்படும்போது, இன்னொரு நாளும் குறிக்கப்படும். வயற்பரப்பிலிருந்து மாடுகளை வெளியேற்ற வேண்டிய கடைசி நாள் அது. அதற்கு முந்திய கிழமையில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வீதிகளில் நின்று பார்த்தால் தெரியும், பட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக மேற்கே நடக்கும். உன்னிச்சை, உறுகாமம், நவகிரி என்று வழியில் எந்தக் குளத்தைக் கண்டாலும் எல்லாப் பட்டியும் அங்கேதான் வாய் வைக்கும். அம்பாறைப் பக்கம் வட்டமடு நோக்கிப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். அறுவடைக்குப் பிறகு இதே ஊர்வலம் கிழக்கே திரும்பி வரும்.

காலிலும் வாயிலும் புண் வைக்கும் கால்வாய் நோய்க்கு (கோமாரிக்கு) இதைவிட வசதியான வாரம் ஆண்டில் வேறில்லை. "காற்றில் வந்த வியாதி" என்று நாம் சொல்லிக்கொள்வோம். நான் பார்த்த வரையில் அது பெரும்பாலும் நான்கு காலில் வந்தது, இல்லையென்றால் ஆறு சக்கரத்தில் வந்தது. அதனால்தான் கால்நடை நோய்ச் சட்டங்கள் எல்லாம் இரண்டு கேள்விகளையே சுற்றிச் சுற்றிக் கேட்கின்றன: இது எந்த மாடு? எங்கிருந்து எங்கே போகிறது?

என் வீட்டுப் பட்டியிலேயே இதற்குப் பதில் சொல்ல முடியாமல் விழித்திருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரியிடம் மூன்று கறவைகள் வாங்கினோம். விலை மலிவு. அன்று மாலையே பட்டியோடு சேர்த்துவிட்டோம். ஒன்பதாம் நாள் ஒரு பசுவின் வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. அடுத்த கிழமைக்குள் பட்டியில் பாதி நொண்டியது. வந்த வைத்தியர் முதலில் கேட்டது மருந்தைப் பற்றி அல்ல. "இந்த மூன்றும் எந்த ஊர் மாடு?" என்றுதான் கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. வியாபாரிக்கும் தெரியவில்லை, அல்லது தெரியாது என்றார். எந்த ஊரில் நோய் ஏற்கெனவே இருந்தது, அங்கிருந்து வேறு யார் மாடு வாங்கினார்கள் என்று தேடும் வழி அந்த இடத்தில் அறுந்துபோனது. கீழே எழுதுவது அந்த நூல் அறாமல் இருப்பதற்கான வேலைகள்.

குறி போதும் என்று நினைப்பவர்களுக்கு

குறிசுடுதல் நம் மண்ணின் பழைய வழக்கு. தொடையில் காய்ச்சிய இரும்பால் இட்ட எழுத்தைப் பார்த்து, இது இன்ன ஊர் இன்னார் மாடு என்று ஒரு மைல் தொலைவில் சொல்லக்கூடிய கிழவர்கள் இன்றும் இருக்கிறார்கள். களவு போன மாட்டைக் கண்டுபிடிக்கவும், மேய்ச்சல் தரையில் கலந்துவிட்ட பட்டிகளைப் பிரிக்கவும் குறிக்கு நிகர் இல்லை. முட்காட்டில் காதுத் தோடு கிழிந்து விழும். குறி விழாது.

ஆனால் குறி சொல்வது உரிமையை மட்டும். நூற்றைம்பது மாட்டிலும் ஒரே எழுத்து இருந்தால், எந்த மாட்டுக்கு ஊசி போட்டோம், எந்த மாடு கன்று வீசியது (கருச்சிதைந்தது), எந்த மாடு போன மாதம் வெளியூரிலிருந்து வந்தது என்பதை அது சொல்லாது. அதற்குத்தான் ஒவ்வொரு மாட்டுக்கும் தனி இலக்கம் உள்ள காதுத் தோடு. இரண்டும் வேண்டும். ஒன்றை வைத்து மற்றதைக் கைவிடும் வாதத்தை நான் ஏற்பதில்லை.

தோடு போடுவதற்கு உங்கள் பிரிவின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். முதலில் பண்ணையைப் பதிவு செய்வார்கள். பிறகு கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர் பட்டிக்கு வரும் நாளைத் தருவார். அந்த நாளுக்கு முன்பே மாடுகளைக் காலையில் அடைத்து வைத்திருங்கள். (வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் பக்கத்தில் காலை என்றால் மாட்டுத் தொழுவும்தான்.) ஊசி போடும் நாளும் தோடு போடும் நாளும் ஒன்றாக இருக்கும்படி கேட்டுக்கொண்டால் மாட்டை இரண்டு முறை மடக்கத் தேவையில்லை.

காதின் நடுப்பகுதியில், தடித்த இரண்டு நரம்புக் கோடுகளுக்கு இடையில் துளை விழ வேண்டும். ஓரத்தில் குத்தினால் ஈச்சம்புதரும் கம்பி வேலியும் ஒரு மாதத்தில் இழுத்துப் போட்டுவிடும். குத்தும் கருவியை மாட்டுக்கு மாடு கிருமிநாசினியில் தோய்க்கச் சொல்லுங்கள். சொல்ல வெட்கப்பட வேண்டாம், உங்கள் மாடு அது. பத்து நாட்கள் வரை காதைப் பாருங்கள். மழைக்காலத்தில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். குறிசுடுவதையும் இதே காரணத்துக்காகக் கோடையில் வைத்துக்கொள்வது நல்லது. பல பட்டிகள் சேர்ந்து ஒரே நாளில் சுடும்போது கயிறு பொதுவாகப் போய்விடும். அங்கே உங்கள் கயிறு உங்களோடு இருக்கட்டும். எச்சில் படிந்த கயிறு, மாடு நடக்காமலேயே நோயை நடத்திவைக்கும்.

தோடு போட்ட அன்றே கைத்தொலைபேசியில் படம் எடுங்கள்: முகமும் இலக்கமும் ஒன்றாகத் தெரிய ஒன்று, குறி தெரிய ஒன்று.

பட்டிக் கொப்பி

பிள்ளைகள் எழுதி மிஞ்சிய பாடசாலைக் கொப்பி போதும். ஒரு மாட்டுக்கு ஒரு வரி. இலக்கம், பெண்ணா ஆணா, நிறம் (செவலை, மயிலை, புள்ளி என்று நீங்கள் சொல்லும் சொல்லிலேயே), கொம்பின் வடிவு, பல். பால்பல் மட்டும் இருக்கிறதா, இரண்டு பல் போட்டதா, நான்கா, ஆறா, கடை சேர்ந்ததா (எட்டும் வந்துவிட்டதா) என்று எழுதினால் வயதுக்கு அதுவே அத்தாட்சி. ஏறக்குறைய இரண்டு வயது கடக்கும்போது முதல் இரண்டு நிலைப்பல் வரும். நாட்டு மாட்டில் சற்றுப் பிந்தும்.

பிறகு மாறிக்கொண்டே இருக்கும் செய்திகள்: ஊசி போட்ட திகதி, எந்த நோய்க்கு, கன்று ஈன்ற நாள், கன்று வீசிய நாள், வாங்கிய நாள், விற்ற நாள், யாருக்கு, எந்த ஊருக்கு, எந்த லொறியில். லொறி இலக்கத்தை எழுதுவது மிகை என்று தோன்றும். நோய் வந்தால் வைத்தியர் முதலில் தேடுவது அதைத்தான்.

கன்று வீசிய நாளை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், புரூசெல்லோசிஸ் எனும் கருச்சிதைவு நோய் உலர் வலயத்துப் பட்டிகளில் நெடுநாளாக இருக்கிறது. மனிதருக்கும் தொற்றி, விட்டுவிட்டு வரும் காய்ச்சலாக உட்காரும். காய்ச்சாத பாலும், வெறுங்கையால் தூக்கிய கருவும் நஞ்சுக்கொடியும் அதன் வழிகள். பசுக்கன்றுகளுக்கு ஏறக்குறைய நான்கு முதல் எட்டு மாத வயதுக்குள் ஒரேயொரு தரம் போடும் தடுப்பூசி இருக்கிறது. வயது கடந்து போட்டால் பிற்பாடு இரத்தப் பரிசோதனையில் நோய் இருப்பதுபோலவே காட்டிக் குழப்பும். அந்தக் கன்றுக்கு இலக்கமும் திகதியும் இல்லாவிட்டால், ஊசியால் வந்த பதிலா, நோயால் வந்த பதிலா என்று எந்த ஆய்வுகூடத்தாலும் உங்களுக்கு எளிதில் சொல்ல முடியாது. இந்த ஊசி உயிருள்ள கிருமியைக் கொண்டது. கர்ப்பமான மாட்டுக்குப் போடக்கூடாது, கையாள்பவர் தன் கையிலும் குத்திக்கொள்ளக்கூடாது.

கடதாசி வேலை

இலங்கையில் மாட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்வதை 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. நோய் பரவும் காலத்தில் 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் அதற்கு மேலே வந்து நிற்கும். ஏற்றும் முறையில் கொடுமை இருந்தால் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க விலங்கு வதைத் தடுப்புக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. ஒரே சோதனைச் சாவடியில் மூன்றிலும் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

நடைமுறையில் போகவேண்டிய வரிசை இது. முதலில் உரிமை. மாட்டுச் சீட்டையும் குறி, தோட்டு இலக்க விவரத்தையும் எடுத்துக்கொண்டு கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். மாடு உங்களுடையது என்று அவர் உறுதிப்படுத்துவார். அடுத்து அரச கால்நடை வைத்தியர். அவர் மாட்டைப் பார்த்து, அந்தப் பிரிவில் அப்போது நோய் இருக்கிறதா என்பதையும் கணக்கில் எடுத்து, சுகாதாரச் சான்றிதழ் தருவார். மாட்டைப் பார்க்காமல் சான்றிதழ் கேட்காதீர்கள். கிடைத்தாலும் அது உங்களுக்குக் காவல் அல்ல. கடைசியாகப் பிரதேச செயலகம். அங்கேதான் பயண அனுமதிப்பத்திரம்.

எல்லையில் இருப்பவர்கள் எந்தச் செயலகம் என்பதில் தடுமாறுகிறார்கள். மாடு நிற்கும் இடம்தான் கணக்கு, உங்கள் வீடு அல்ல. வீடு வாழைச்சேனையில், பட்டி கிரான் பிரிவில் என்றால் கிரானில் உள்ள கோறளைப்பற்று தெற்குச் செயலகத்தில் விசாரியுங்கள். வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி ஆகியவை மூன்று வெவ்வேறு செயலகங்கள் என்பதையும் வியாபாரிகள் வசதியாக மறந்துவிடுவார்கள்.

அனுமதி கையில் கிடைத்ததும் வெளியே வந்து மடிக்காமல், அலுவலகத் திண்ணையிலேயே நின்று படியுங்கள். மாட்டின் எண்ணிக்கை, இலக்கங்கள், வாகன இலக்கம், சாரதி, புறப்படும் இடம், சேரும் இடம், செல்லுபடியாகும் நாளும் நேரமும். ஒரு இலக்கம் பிழைத்தால் அந்த மாடு அனுமதி இல்லாத மாடு. லொறி பழுதாகி வேறு லொறி பிடித்தால் பத்திரம் அந்த லொறிக்குப் பேசாது. திரும்பிப் போய் மாற்றுங்கள். ஒரு பத்திரத்தை இரண்டு பயணத்துக்கு ஓட்டுவது எங்கள் பக்கத்துப் பழைய தந்திரம். அபராதம் அதில் சின்ன விஷயம். இரண்டாம் பயணத்து மாடுகள் எந்தப் பதிவிலும் இல்லாத மாடுகள், அதுதான் பெரிய விஷயம். நோய் அவற்றோடு போனால் யாராலும் பின்தொடர முடியாது.

லொறியில்

ஏற்றுவதற்கு முன் லொறி எப்படி வந்திருக்கிறது என்று பாருங்கள். முந்திய பயணத்துச் சாணம் பலகை இடுக்கில் காய்ந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள், அல்லது அங்கேயே கழுவச் சொல்லுங்கள். சாணத்தின் மேல் எந்த மருந்தைத் தெளித்தாலும் பயனில்லை. முதலில் சுரண்டி, தண்ணீரடித்து, பிறகுதான் மருந்து. கால்வாய் நோய் வைரஸ் காரத்துக்கும் அமிலத்துக்கும் தாங்காது. பத்து லீற்றர் தண்ணீரில் 400 கிராம் சலவைச் சோடாவைக் கரைத்தால் நூற்றுக்கு நான்கு வீதக் கரைசல் கிடைக்கும். பலகை, பின்கதவு, சக்கரம், சாரதியின் செருப்பு எல்லாவற்றிலும் படட்டும். அரைமணி நேரம் விட்டுக் கழுவுங்கள். அப்பச் சோடா வேறு, சலவைச் சோடா வேறு. கடையில் கேட்டு வாங்குங்கள்.

தரையில் மணல், அதன் மேல் வைக்கோல். கொம்புள்ள கிடாரியையும் கன்றையும் ஒரே அறையில் விடவேண்டாம். நிறைமாதப் பசுவையும் நொண்டும் மாட்டையும் ஏற்றவே வேண்டாம். மூக்கணாங்கயிற்றைக் குட்டையாகக் கட்டினால் பிரேக் போடும்போது மூக்கு கிழியும். செங்கலடியிலிருந்து பதுளைப் பக்கம் ஏறும் வீதியானாலும் பொலன்னறுவைப் பக்கம் போகும் வீதியானாலும் விடிந்ததும் புறப்படுவதுதான் நல்லது. நடுப்பகல் வெயிலில் நின்று களைத்த மாட்டுக்கு, உள்ளே உறங்கிக் கிடந்த நோய் எழும்பும்.

நடத்திப் போகும்போது

லொறிக்குப் பத்திரம் எடுக்கிறவர்கள்கூட, நடத்திப்போகும் பட்டிக்கு எந்த முன்னேற்பாடும் தேவையில்லை என்று நினைக்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய குறை. மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் போகும் பண்ணையாளர்களுக்கு மேய்ச்சல் தரையே நெடுங்காலச் சிக்கலாகிவிட்டது. அதை நான் இங்கே பேசப் போவதில்லை. ஆனால் தரை சுருங்கச் சுருங்கப் பட்டிகள் நெருங்கும், நெருங்கினால் நோய்க்குத் தூரம் குறையும் என்பதை மட்டும் சொல்லவேண்டும்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே ஊசி. ஆவணி, புரட்டாதிக்குள் தொண்டை அடைப்பானுக்கும் கால்வாய் நோய்க்கும் போட்டுவிட்டால், ஐப்பசி மழை தொடங்கி நடக்கும்போது உடலில் எதிர்ப்புச் சக்தி ஏறியிருக்கும். அதற்கு இரண்டு மூன்று கிழமை தேவை. முதல் நாள் ஊசி, மறுநாள் நடை என்பது வீண் வேலை. தொண்டை அடைப்பான் குறிப்பாக எருமையைக் குறிவைக்கும். மழை, பசி, நடை மூன்றும் சேர்ந்தால் காலையில் காய்ச்சல், தொண்டை வீக்கம், மறுநாள் பிணம். தயிர்ச்சட்டி வியாபாரம் எருமையை நம்பி இருக்கும் குடும்பங்களுக்கு இது சிறிய இழப்பல்ல.

அடுத்து, அயற் பட்டிக்காரர்களோடு பேசுங்கள். எல்லோரும் ஒரே நாளில் புறப்படாமல் இரண்டு நாள் இடைவெளி விட்டு நடப்பது பெரிய உதவி. போகும் வழியிலும் சேரும் தரையிலும் நோய் இருக்கிறதா என்று வைத்திய அலுவலகத்தில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். புறப்படும் நாள் காலையில் ஒவ்வொரு மாட்டின் வாயையும் குளம்பின் இடுக்கையும் பாருங்கள். நொண்டும் மாடு நின்றால் அன்று பட்டியும் நிற்கவேண்டும். இதைச் சொல்லும்போது பெரியவர்கள் சிரிப்பார்கள். "தம்பி, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, வயல்காரன் காத்திருப்பானா?" என்பார்கள். காத்திருக்க மாட்டான், உண்மைதான். அதனால்தான் கடைசி நாளுக்கு முந்திய நாள் அல்ல, இரண்டு கிழமை முன்பே பட்டியைப் பார்க்கச் சொல்கிறேன்.

வாங்கி வந்த மாடு

தனியாகக் கட்டுங்கள். இருபத்தொரு நாள் குறைந்த அளவு, ஒரு மாதம் என்றால் நிம்மதி. கால்வாய் நோய் உடலுக்குள் புகுந்து வெளிப்பட இரண்டு முதல் பதினான்கு நாள் எடுக்கும். தோல் கழலை நோய்க்கு, அதாவது பலர் பெரியம்மை என்று சொல்வதற்கு, நான்கு கிழமை வரை கணக்கு வைக்கிறார்கள். 2020இல் அது முதன்முதலாக வடக்கில் தோன்றியது நினைவிருக்கும். அதைக் கடிக்கும் ஈயும் நுளம்பும் உண்ணியும் சுமக்கின்றன. ஆகவே வேலி மட்டும் போதாது. புது மாட்டுக்கு வந்த அன்றே உண்ணி மருந்து, மாலையில் புகை.

தனியாகக் கட்டுவது என்றால் தனி வாளி, தனி கயிறு, கடைசியாகப் பால் கறப்பது. முதலில் பட்டி மாடு, பிறகு புது மாடு. வரிசை மாறினால் உங்கள் கையே நோயை எடுத்துப்போகும். முன்பு ஒருமுறை கால்வாய் நோய் வந்து தேறிய மாடு என்று சொல்லி விற்றால் இன்னும் கவனம். தேறிய மாட்டின் தொண்டையில் வைரஸ் மாதக்கணக்கில் தங்கியிருக்கலாம்.

சினைக் கிடாரி வாங்கினால் பணம் கொடுப்பதற்கு முன் கருச்சிதைவு நோய்க்கு இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு பரிசோதனை முடிவுதான்.

நோய் கண்டுவிட்டால்

விற்காதீர்கள். முதல் எண்ணமே அதுதான் வரும் என்று தெரியும். "இன்னும் நன்றாக நிற்கும் நாலைந்தைத் தள்ளிவிடுவோம்" என்ற அந்த ஒரு முடிவுதான் நோயை மாவட்டம் கடத்துகிறது. 2014இல் கால்வாய் நோய் நாட்டின் பல மாவட்டங்களுக்கும் பரவியபோது இப்படி நகர்ந்த மாடுகளின் பங்கு என்ன என்று யாருக்கும் எண்ணித் தரமுடியாது. ஏனென்றால் அவற்றுக்கு இலக்கமில்லை.

நோயைத் தெரிவிப்பது சட்டப்படி உரிமையாளரின் கடமை. அரச கால்நடை வைத்தியருக்கு உடனே சொல்லுங்கள். வருந்தும் மாட்டைப் பிரியுங்கள், நல்ல மாட்டையும் வெளியே மேய விடாதீர்கள். கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம் ஒரு பகுதியை நோய்ப் பகுதியாக அறிவித்தால், அங்கிருந்து மாடு வெளியே போகவும் வெளியிலிருந்து உள்ளே வரவும் தடை வரும். முன்பே எடுத்த அனுமதிப்பத்திரம் கையில் இருந்தாலும் அதை நம்பிப் புறப்படாதீர்கள். பால் வண்டி, கன்று பார்க்க வரும் உறவினர், தரகர் எல்லோரையும் வாசலில் நிறுத்துங்கள். மச்சான் கோபித்துக்கொள்வார். நோய் தணிந்ததும் சமாதானம் செய்யலாம்.

திடீரென்று செத்து, மூக்கிலும் பின்பக்கத்திலும் இரத்தம் வடியும் மாட்டைத் திறக்காதீர்கள், தோலுரிக்காதீர்கள், இறைச்சிக்குக் கொடுக்காதீர்கள். வைத்தியர் வரும் வரை நாயை அண்டவிடாமல் மூடி வையுங்கள். பிறகு குளத்திலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளி, ஆழமாக, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் கூட்டமாக இறந்தன. காரணம் நோயா குளிரா என்று தெரியும் வரை இறைச்சி கொண்டுசெல்லத் தற்காலிகத் தடை போட்டார்கள். பிறகு குளிர்தான் என்று தெரிந்தது. எந்த மாடு, எத்தனை, யாருடையது என்று அப்போது வந்து கேட்டவர்களிடம் கொப்பியைக் காட்ட முடிந்தவருக்கும், வெறுங்கையை விரித்தவருக்கும் இடையே இருந்த வேறுபாட்டை நான் நேரில் பார்த்தேன்.

ஆடும் பன்றியும்

ஆட்டுக்கு விதிகள் இலகு என்று எண்ணி முச்சக்கர வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். ஆட்டுக்கும் கால்வாய் நோய் வரும், அதுவும் நொண்டல் தெரியாமல் மெல்லியதாக வந்து மாட்டுக்குப் போகும். ஹஜ் பெருநாளை ஒட்டி அம்பாறைக் கரையோர ஊர்களுக்கு ஆடும் மாடும் பெருமளவில் வரும் காலத்தில் விற்கிறவரும் வாங்குகிறவரும் சான்றிதழை முன்கூட்டியே எடுத்துக்கொண்டால் கடைசி நாள் அலைச்சல் இருக்காது. பன்றி வளர்ப்போர் 2024இல் நாட்டுக்குள் வந்த ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலை மறக்கவேண்டாம். மனிதருக்கு அது தொற்றாது. பன்றிக்கோ அதற்கு மருந்து இல்லை. ஹோட்டல் மிச்சத்தைக் காய்ச்சாமல் போடுவதை நிறுத்துங்கள், வெளிப்பன்றியை உள்ளே எடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு சிறு வேலை. மாடு செத்தாலும் விற்றாலும் கொப்பியில் அந்த வரியை அடித்துத் திகதி எழுதுங்கள். செத்த மாட்டின் தோட்டைக் கழற்றி வைத்திய அலுவலகத்தில் ஒப்படையுங்கள். இலாச்சியில் போட்டு வைத்தால், தோடு இல்லாத மாட்டுக்குச் சோதனைச் சாவடியில் அதைப் பூட்டிவிட யாராவது ஒருவர் கட்டாயம் வந்து கேட்பார்.